கம்பி தொட்டால் அடங்கும் சுருள்

மின்னல் வருவதற்கு அரை மணி முன்பே ஏசுராஜுக்கு மூக்கு அரிக்குமாம். அவர் தும்மினால் மலையூர் மாரமங்கலத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டையை அள்ளிவிடுவார்களாம். நம்புவது உங்கள் பாடு. அங்குள்ள காப்பி எஸ்டேட்டில் பதினெட்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தும் ஒரு ஒயர் கூட அவரை ஏமாற்றியதில்லை என்பது மட்டும் நிஜம். ஏமாற்றியது, 1978இல், ஒரு மீட்டர்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்கு ஒரு கரண்ட் பெட்டி இருந்தது. உள்ளே இருந்த செம்புச் சுருள் தாளம் தப்பாமல் அதிர்ந்து பல ஆயிரம் வோல்ட்டை எழுப்பும். அதில் செருகிய கண்ணாடிக் குழாய் ஊதாவாக ஒளிரும். அந்தக் குழாயை வலிக்கிற இடத்தில் தேய்ப்பார்கள். முதலில் பித்தளைக் குச்சியைக் கிட்டே காட்டி, பொறி ஒரு மிளகு அகலம் மட்டும் தாண்டுகிறதா என்று பார்ப்பது ஏசுராஜின் வழக்கம். அந்த வருடம் சேலத்திலிருந்து மீட்டர் வந்தது. மீட்டர் இருக்கும்போது மிளகு எதற்கு?

மீட்டர் கம்பியைச் சுருளில் மாட்டினார். முள் பாதியில் நின்றது. பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று எண்ணி, முள் சரியான எண்ணுக்கு வரும்வரை கரண்ட்டைக் கூட்டினார். பிறகு கம்பியைக் கழற்றினார்.

அன்றைக்கு முதல் ஆள், காப்பிப் பழம் பறிக்கும் காளியாயி. குழாய் தொட்ட மாத்திரத்தில் அவள் வலது கையில் இரண்டு விரல்கள் கருகின. பிறகு அவற்றை வெட்டியே எடுத்தார்கள்.

விசாரணைக்குச் சேலத்திலிருந்து மீட்டர் கம்பெனிக்காரர் பொன்னுவேல் வந்தார். கம்பியை மாட்டிப் பார்த்தார். முள் சரியான எண்ணில் நின்றது.

"மெஷின்ல கோளாறு இல்லீங்க. பொம்பள கையை ஆட்டியிருக்கும்."

மேனேஜர் தலையாட்டினார். தப்பு அவளுடையதென்றால் அவள் வேலை போகும். வேலையோடு எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். கட்டுப்போட்ட கையுடன் காளியாயி வாசலில் நின்றாள்.

பொன்னுவேல் கம்பியைக் கழற்றினார். அதுவரை முனகிய சுருள் சீறியது. ஏசுராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங்க, கம்பி மாட்டுனா அது பாதி அடங்கிப்போவுதுங்க. ஊஞ்சல் ஆடறவன் காலைப் புடிச்சுக்கிட்டு, எவ்வளவு ஒசரம் ஆடறான்னு பாக்கற மாதிரிங்க."

"மீட்டர் பொய் சொல்லுதுங்கறியா?" என்றார் மேனேஜர்.

"இல்லீங்க. தான் தொட்டதுக்கப்புறம் என்ன இருக்குதோ அதைச் சொல்லுதுங்க. காளியாயி தொட்டப்ப மீட்டர் அங்க இல்லீங்களே."

"எஸ்டேட்ல விஞ்ஞானி இருக்காருன்னு யாரும் சொல்லலீங்களே!" என்று பொன்னுவேல் சிரித்தார்.

ஏசுராஜ் பித்தளைக் குச்சியை எடுத்தார். கம்பியை மாட்டியபோது பொறி மிளகளவு. கழற்றியதும் விரல் நீளத்துக்குப் பாய்ந்தது. சிரிப்பு நின்றது.

"அப்போ கரண்ட்டைக் கூட்டி வெச்சது யாரு?" என்றார் மேனேஜர்.

"நான்தாங்க. பொறி பாக்காம வுட்டுட்டேங்க."

காளியாயிக்கு இடது கையால் கொட்டை பொறுக்கும் வேலை கிடைத்தது, வீடும் தப்பியது. ஏசுராஜின் வீட்டுச் சாவியை அந்த வாரமே வாங்கிக்கொண்டார்கள்.

டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவரைத் தேடி அவள் வந்தாள்.

"மன்னிச்சுருன்னு கேக்க வாய் வரலை, காளியாயி."

"கேக்காதீங்கண்ணா. நீங்க சொன்னதாலதான் ஊடு நின்னுது. கும்புடோணும்னுதான் வந்தேன். கும்புடத்தான் கை முழுசா இல்லீங்க."

அதற்குப் பின் ஏசுராஜ் பதினோரு வருடம் உயிரோடு இருந்தார். மண் வெட்டினார், சுமை தூக்கினார். யார் வீட்டுச் சுவிட்சையும் தொடவில்லை.