விறகுக்குப் பின்னால் இருந்த மாவு

எண்பதுகளில், கணவரின் தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு வந்திருந்தோம். எங்கள் சபைப் பெண்கள் தினமும் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவந்து அங்குள்ள பெட்டியில் போடுவார்கள். அதில்தான் கிறிஸ்துமஸ் விருந்து. அந்த வருடம் சமையல் பொறுப்பு என்னுடையது.

பக்கத்து ஊரான உத்தனப்பள்ளியிலிருந்து வரும் கூலிப் பெண்கள் மட்டும் ராகி மாவு கொடுத்தார்கள். பண்டிகைக்குக் களியா? வெள்ளைச் சோறுதான் என்று முடிவு செய்து, மாவையெல்லாம் விறகுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

பண்டிகையன்று பல வீட்டு அரிசியையும் ஒரே அண்டாவில் போட்டேன். புழுங்கல் வேகட்டும் என்று காத்திருந்ததில் பச்சரிசி குழைந்து கூழாகிவிட்டது. கறிக்குழம்பு தயார், ஆராதனை முடிந்து எல்லோரும் பசியோடு வெளியே வந்துவிட்டார்கள். நான் அழுதேவிட்டேன்.

உத்தனப்பள்ளிப் பெண்களில் ஒருத்தியான ராஜம்மா அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குக்கா அழறீங்க? களிக்கு அரிசி இப்படித்தான் குழையணும். நாங்க குடுத்த மாவு எங்க?"

விறகை விலக்கி மாவை எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஒருத்தரும் பசியோட போகக் கூடாது. அண்டாவ நல்லா அழுத்திப் புடிங்கக்கா."

சாக்கைச் சுற்றி நான் பிடித்துக்கொள்ள, மாவைக் கொட்டிக் கட்டி தட்டாமல் கிளறி முடித்தாள்.

போதகர்கூட இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினார். ஓசூர் வந்தபின் முதல்முறையாக, சாப்பிடும் முன் சொல்லும் ஸ்தோத்திரத்தை மனதாரச் சொன்னேன்.

ராஜம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு அவள் பக்கத்தில் போய் நின்று, என் பங்கைப் பெட்டியில் போட்டேன். ராகி மாவு.