வெட்டுப்பட்ட காது

கூட்டுக்குள் மீன் வைத்தால் பூனை வரும், அந்தக் கூட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஊரே பின்னால் வரும். கருத்தடைக்குப் பூனை பிடித்துக் கொடுக்கிற உங்களுக்கெல்லாம் இது தெரியாததில்லை.

பட்டம்

மாம்புரிக் கரையில் எத்தனையோ வருசம் வலை இழுத்தேன். ஒருவரும் எனக்குப் பட்டம் வைக்கவில்லை. மிருக வைத்தியருக்குப் பூனை பிடிக்கத் தொடங்கியதும் 'பூனை ஒஸ்தா' ஆகிவிட்டேன். ஒஸ்தா என்றால் எங்கள் பிள்ளைகளுக்குச் சுன்னத்து வைக்கிறவர். கத்தி பிடிப்பது வைத்தியர், பட்டம் எனக்கு. தேத்தண்ணிக் கடைக்குப் போனால் நேற்று மீசை முளைத்தவன் கத்துகிறான்: "ஒஸ்தா மாமா வாறாரு, சாரத்த இறுக்கிக் கட்டுங்கடா!"

வாக்கு

கருவாடு காயவைக்கிற கொட்டில்களான வாடிகளில் பூனை பெருகியது. குட்டிகளைச் சாக்கில் கொண்டுவந்து அங்கே கொட்டியவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான், மீனில் நஞ்சு தடவி வைப்போம் என்று நின்றவர்களும் இவர்கள்தான். வாயில்லாத சீவனைக் கொல்ல இவர்களுக்கு எவ்வளவு அவசரம்! "இந்தக் கருத்தடை முகாமுக்குப் பிறகும் குட்டி போட்டால் உங்கள் இஷ்டம்" என்று பள்ளிவாசல் முற்றத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு, வாடி வாடியாகப் பிடித்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்த பூனைக்கு இடது காது நுனியை வெட்டி விடுவார்கள், மறுபடி பிடிக்காமலிருக்க. நஞ்சு வைக்க முன்னுக்கு நின்ற வாடி முதலாளி ஜவ்பருடைய சாம்பல் பூனைக்குக் காது வெட்டியிருந்தது. எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அண்ணன் முறையில் என்னை 'நானா' என்கிற அவர் சிரித்தார்: "போன முகாமில செஞ்சதுதானே. வயசு போய்ட்டு நானா, மறந்திட்டீங்க." நம்பி, அதைப் பிடிக்காமல் விட்டுவிட்டேன்.

வயிறு

அந்தச் சாம்பல் பூனைதான் அவர் வலைக் குவியலில் குட்டி போட்டது. 'ஒஸ்தாவின் வேலை பிழைத்துவிட்டது' என்று வாடியெல்லாம் சொல்லித் திரிந்து, நஞ்சுப் போத்தலையும் வாங்கி வைத்துவிட்டார். ஓடிப்போய், எல்லோருக்கும் முன்னால் பூனையை மல்லாக்காகப் பிடித்து வயிற்றைக் காட்டினேன். தையல் போட்ட தடமே இல்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னாள், "ஒப்பரேசன் செஞ்சா எலி புடிக்காமப் போயிடும்னு இவருதான் கத்திரியால காத வெட்டினாரு."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜவ்பருக்கோ வெட்கமே இல்லை: "சரி நானா, மத்தக் காது மிச்சம் இரிக்கிதானே, அத உங்கட டாக்டர வெட்டச் சொல்லுங்க."

நஞ்சைக் குழி தோண்டிப் புதைத்தாயிற்று, ஆனால் ஜவ்பரோடு நான் இன்றுவரை கதைப்பதில்லை, அவர் வீட்டில் அந்தப் பூனையோடு மட்டும்தான் கதைக்கிறேன்.