அக்கரையில் இரண்டு உறுப்பினர்கள்

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் பஞ்சாயத்துத் தலைவர், உறுப்பினர் இருவர், குமாஸ்தாவாகிய நான். வராதவர்கள் நால்வர். ஒருவர் உருளைக்கிழங்கு விற்க வத்தலக்குண்டு போய், மலைப்பாதையில் மண் சரிந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். இன்னொருவர் பல்வலி என்று சொல்லி அனுப்பியிருந்தார். தலைவர் கூட்டும் எல்லாக் கூட்டத்துக்கும் அவருக்குப் பல் வலிக்கும். மற்ற இருவரும் ஓடையின் அக்கரையில், எங்கள் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை வராதவர்களில் சேர்ப்பது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் ஊர் பூண்டியைத் தாண்டிக் கிளாவரைக்குப் போகும் வழியில் இருக்கிறது. அக்கரையில் இருபது வீடுகள். வெயில் காலத்தில் பொதிக்குதிரைகள் ஓடையில் இறங்கியே கடந்துவிடும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் முடியாது. அந்த வருஷம் அக்கரைக்காரர்களின் வெள்ளைப்பூண்டு முழுவதும் அடுப்புக்கு மேலே கட்டுக்கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இக்கரைக்குக் கொண்டுவந்து விற்றால்தான் அவர்களுக்கு அரிசி.

பாலம் கட்டப் பணம் தருவதாகக் கொடைக்கானல் யூனியன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. ஏழு பேரில் நாலு பேராவது கூடித் தீர்மானம் போட்டு மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். பாலம் வர நாலு பேர் வர வேண்டும். நாலு பேர் வரப் பாலம் வேண்டும். இதை நான் தலைவரிடம் விளக்கிச் சொன்னேன்.

"அவுக வர முடியலேன்னா கூட்டம் போகட்டும்" என்றார். பஞ்சாயத்து முத்திரையை எப்போதும்போல மடியில் முடிந்துகொண்டு ஓடைக்கரைக்குக் கிளம்பிவிட்டார். ஊருக்கு இரண்டு தெருவிளக்கும் ஒரு கிணறும் கொண்டுவந்தவர். அவருக்கு எழுதத் தெரிந்தது தன் கையெழுத்து மட்டும். மற்றதை எழுதத்தான் என்னை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

தீர்மானத்தை உரக்க வாசித்தேன். தண்ணீர் இரைச்சலில் இக்கரைக்காரர்களுக்கே கேட்கவில்லை. ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றேன்.

"அங்க ஒருத்தரு முன்னாடியே தூக்கிட்டாரே" என்றார் ஒரு உறுப்பினர்.

"அது ஓட்டில்லப்பா. கொங்காணி பறந்துராம பிடிச்சிருக்காரு" என்றார் மற்றவர்.

"அப்ப இன்னொரு கையத் தூக்கச் சொல்லு" என்றார் தலைவர்.

சைகை காட்டினோம். அவர் இரண்டு கையையும் தூக்கினார். தலையில் மழைக்குப் போட்டிருந்த சாக்குக் கொங்காணி பறந்து ஓடையில் விழுந்து போய்விட்டது.

"இப்ப இவருக்கு ரெண்டு ஓட்டா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போட்டுக்க தம்பி. போதும்" என்றார் தலைவர்.

பிறகு கயிற்றில் கல்லைக் கட்டி அக்கரைக்கு எறிந்தோம். தீர்மான நோட்டையும் மைப்பெட்டியையும் ரப்பர் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து அந்தக் கயிற்றில் அனுப்பினோம். இரண்டு கைநாட்டும் ஒரு பிடி பூண்டுமாகக் கூடை திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் வருகைப் பகுதியை எழுதினேன். உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். 'இக்கரையில் மூவரும் அக்கரையில் இருவரும் ஆக ஐவர்' என்று எழுதினேன். வாசித்துக் காட்டியதும் தலைவர், "பத்திரம் மாதிரி இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பாதி தூரம் நடந்தும் மீதி தூரம் லாரியிலுமாகக் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தேன். யூனியன் ஆபீசின் ஹெட் கிளார்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏன் தம்பி, ரெண்டு மெம்பர் அக்கரையில நின்னாங்களா?"

"ஆமாங்க சார். அங்கதான் நின்னாங்க."

"அப்ப மீட்டிங்குக்கு வரல."

"வந்தாங்க சார். தண்ணிதான் விடல."

"அஞ்சு பேர் ஆஜர்னு மட்டும் எழுதியிருந்தா நான் எதுக்குக் கேக்கப்போறேன்?"

திருத்தி எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். திருத்துவதற்கும் தீர்மானம் வேண்டும், அதற்கும் நாலு பேர் வேண்டும் என்றார். மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. பணம் வேறு ஊருக்குப் போயிற்று. அந்த ஊரில் ஓடை இருக்கிறதா என்று நான் விசாரிக்கவில்லை.

திரும்பி வந்து தலைவரிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

"பொய் எழுதச் சொல்லியா உன்னைய வச்சிருக்கேன்? போயிச் சாப்பிடு. நாளைக்கு வெள்ளனே கோடாலியோட வா. நோட்டு வேண்டாம்" என்றார்.

விடிந்ததும் ஊரே வந்திருந்தது. பல்வலிக்காரரும் வந்திருந்தார், அவரிடம்தான் நல்ல கோடாலி இருந்தது. பக்கத்துச் சரிவில் காட்டிலாகா வைத்திருந்த தைல மரங்களில் ஆறை வெட்டிச் சாய்த்தோம். இழுத்துவந்து ஓடைக்குக் குறுக்கே போட்டு, அக்கரைக்காரர்கள் அந்தப் பக்கம் கயிற்றால் இழுத்துப் பிடிக்க, மேலே தழையும் மண்ணும் பரப்பினோம். மூன்றாம் நாள் பூண்டு மூட்டைகளோடு குதிரைகள் இக்கரைக்கு வந்தன. முதல் குதிரை மட்டும் நடுவில் நின்று யோசித்தது.

நான்காம் நாள் பாரஸ்ட் கார்டு வந்தார். பாலத்தின் மேல் ஒருமுறை நடந்து மரங்களை எண்ணினார். திரும்பி நடந்து இன்னொரு தடவை எண்ணினார்.

"யாரு வெட்டுனது?"

நான் வாயைத் திறந்தேன். தலைவர் என் காலை மிதித்தார்.

"நாந்தான் வெட்டுனேன்."

"ஆறு மரத்தையும் ஒத்த ஆளாவா?"

"வெள்ளனே எந்திரிச்சிட்டேங்க."

கார்டு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லார் கையிலும் கோடாலி பிடித்த கொப்புளம் இருந்தது. அவர் தன் நோட்டில் 'ஒருவர்' என்று எழுதிக்கொண்டார். வெட்டியவர்கள் எல்லாரையும் எழுதியிருந்தால் ஆளுக்கொரு அபராதம் ஆகியிருக்கும் என்று தலைவர் பிறகு சொன்னார். எப்படி எழுதுவது என்று கார்டுக்கும் தெரிந்திருந்தது என்பதை மட்டும் நான் கவனித்துக்கொண்டேன்.

பூண்டு விற்றதும் அபராதப் பணத்தை இரு கரையிலும் வீட்டுக்கு வீடு போட்டுக் கொடுத்தார்கள். தலைவர் வாங்க மறுத்தார். பல்வலிக்காரர் அவர் மடியில் திணித்துவிட்டுப் போனார். அபராதம் எழுபத்திரண்டு ரூபாய், அதைக் கட்டப் போய்வந்த பஸ் சத்தம் இரண்டரை ரூபாய். பாலத்துக்கு ஆன மொத்தச் செலவு எழுபத்து நாலு ரூபாய் ஐம்பது காசு.