என் கண்ணை நான் பார்த்த நாள்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். கணவருக்கு ரயில்வேயில் வேலை. வேலையை விட்டால் அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கேமரா. அதிலும் மூர் மார்க்கெட்டில் தேடிப்பிடித்து ஒரு பழைய மேக்ரோ லென்ஸ் வாங்கிவந்த பிறகு, மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பொடிப்பொருளை மூக்கு உரசுகிற தூரத்தில் போய்ப் பெரிதாகப் பிடிக்கிற லென்ஸ் அது. ஊரில் எல்லோரும் ஆளை நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள் என்றால், இவர் சர்க்கரை டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு எறும்புக்குக் காத்திருப்பார்.

இட்லி மாவில் உட்கார்ந்த ஈயை, "ஓட்டாத, ஒரு நிமிசம்" என்று தடுத்த புருஷன் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கண்ணை மட்டும் ஒரு தடவை எடுக்கிறேன் என்று அடிக்கடி கேட்பார். முழு மூஞ்சியை எடுப்பதென்றால் வாருங்கள், கண்ணை மட்டும் தனியாகக் கழற்றித் தர முடியாது என்று சொல்லிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகலாம் என்றார். அலையில் கால் நனைக்கலாம், சுண்டல் வாங்கித் தருவார் என்றெல்லாம் நினைத்து, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் கடல் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே சாலையோரத்தில் சிலை செதுக்குகிற ஒரு கொட்டகைக்குப் போனார். உளி முனை கல்லில் படும் இடத்தில் எழும்புகிற பொடியைப் படம் பிடிக்க வேண்டுமாம்.

அதில் ஒரு சிக்கல். லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால் அதன் நிழலே உளி முனையில் விழுந்துவிடும். பக்கத்திலிருந்து யாராவது வெளிச்சத்தைத் திருப்பிவிட வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. என் கைப்பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, நல்ல புடவையோடு கல் பொடியில் குந்தினேன்.

சிற்பி சுத்தியலை ஓங்கியவர் நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"அப்பால குந்து தங்கச்சி. உளித் தலை நசுங்கிக் கீது. சில்லு தெறிக்கும்."

"ரெண்டு நிமிசந்தாண்ணே," என்றார் இவர். என்னிடம், "இன்னும் கொஞ்சம் கிட்ட வா, வெளிச்சம் பத்தல," என்றார்.

கிட்டே போனேன். நாலைந்து அடி விழுந்திருக்கும். தாளிக்கும்போது கடுகு தெறிக்குமே, அந்த மாதிரி இடது கண்ணில் சுருக்கென்றது. சிற்பி சுத்தியலைப் போட்டுவிட்டு, "தேய்க்காத, தேய்க்காத," என்று பானைத் தண்ணீரை மொண்டு கண்ணில் அடித்தார். கணவர் இமையைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கடலையும் பார்க்காமல், சுண்டலும் தின்னாமல் பஸ் ஏறினோம்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தூசி பட்டு லேசாகக் கீறியிருக்கிறது, சரியாகிவிடும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். பக்கத்துக் குடித்தனத்து அக்கா கைக்குழந்தைக்காரி. அவள் பங்குக்குத் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டாள். சில நாட்களில் சிவப்பு போய்விட்டது. பார்வையிலும் குறை தெரியவில்லை. வெயிலில் போனால் மட்டும் கொஞ்சம் நீர் வடிந்தது.

எனக்குச் சரியாகிவிட்டது. அவருக்குத்தான் ஆகவில்லை. சாப்பிடும்போதும் என் கண்ணையே பார்ப்பார். நடுவில் எழுந்துவந்து முகவாயைத் தூக்கிப் பார்ப்பார். ஒருநாள் காலையில், "உன் கண்ண ஒரு தடவ லென்ஸ்ல பாத்துக்கறேன். படத்துக்காக இல்ல," என்றார். ஈயும் எறும்பும் முடிந்து பெண்டாட்டியிடம் வந்துவிட்டீர்களா என்று கிண்டலாகச் சொல்ல வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

ஜன்னலோரத்தில் உட்காரவைத்து, தலை ஆடாமல் இருக்க ஸ்டூலில் தலையணையை அடுக்கி அதில் தாடையை வைக்கச் சொன்னார். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. லென்ஸ் என் இமையைத் தொட்டுவிடும் போல நெருங்கியது.

"கறுப்புன்னு நெனச்சிகினு இருந்தோமே, கறுப்பே இல்ல," என்றார் மெதுவாக. "பனவெல்லப் பாகு நெறத்துல கீது. நாரு நாரா ஓடுது."

சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். திடீரென்று பேச்சு நின்றுவிட்டது. 

"இன்னாங்க, ஏன் கம்முனு கீறீங்க?"

"ஆடாத."

அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. இரண்டு மூன்று தடவை கேமரா 'கிளிக்' என்றது. ஓரத்தில் ஏதோ மின்னுகிறது, தலையை ஒரு மயிரிழை நகர்த்தினால் காணாமல் போகிறது என்று மட்டும் சொன்னார்.

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. குளியலறை ஜன்னலைக் கம்பளியால் மூடி, சிவப்பு பல்பு போட்டுப் படம் கழுவினார். முதல் தடவையாக நானும் உள்ளே போய் நின்றேன். தட்டில் இருந்த மருந்துத் தண்ணீரில் வெள்ளைக் காகிதத்தைப் போட்டு ஆட்டினார். ஒன்றுமில்லாத காகிதத்தில் சாம்பலாக ஒரு வளைவு வந்தது. பிறகு இமைமுடிகள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு ஒரு பெரிய வட்டம் மேலே மிதந்து வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அது என் கண் என்று நம்பவே முடியவில்லை. நடுவில் கிணறு போல இருட்டு. அதைச் சுற்றி, அலை வாங்கிய ஈர மணல் போல வரி வரியாக, மேடும் பள்ளமுமாக ஒரு பெரிய பூமியே விரிந்து கிடந்தது. தினமும் கண்ணாடி முன்னால் நின்று மை தீட்டுகிறேன். இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு திரிகிறேன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றிருந்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அந்தப் பூமியின் கீழ் ஓரத்தில், வரிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கீற்று குத்திக்கொண்டு நின்றது. அவர் அதைக் காட்டிவிட்டு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் கிட்ட வான்னேன்," என்றார்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் ஓடினோம். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, படம் காட்டிய இடத்திலேயே தேடினார். கண்டுபிடித்துவிட்டார். "இடம் தெரியாம தேடியிருந்தா என் கண்ணுல பட்டிருக்காதும்மா," என்று ஒளிக்காமல் சொன்னார். அன்றைக்கே மெட்ராஸ் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு அம்மா டாக்டர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, உளியின் இரும்புதான் என்றார். கண்ணுக்குள் இரும்பு இருந்தால் துருப் பிடிக்குமாம். அந்தத் துரு கொஞ்சம் கொஞ்சமாகக் கண் முழுக்கப் பரவும், வலி இருக்காது, பார்வை மங்கும்போதுதான் தெரியும், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது என்றார். இப்போது எடுத்தாலும் பார்வை முழுசாக இருக்கும் என்று உறுதி சொல்லவில்லை. 

ஆபரேஷனுக்குக் கண்ணை மட்டும் மரக்கவைத்திருந்தார்கள். காது நன்றாகக் கேட்டது. ஒரு பெரிய காந்தத்தை என் முகத்தருகே கொண்டுவந்தார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அப்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். என் கண்ணுக்குள் இருந்த இரும்பு காந்தத்தில் போய் ஒட்டிய சத்தம் அது. இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது.

இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள். கட்டுப் பிரிக்கும்வரை பார்வை உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அழுகையாக வந்தது, அழக்கூடாது என்றார்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஈயின் கண் தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக இருப்பதை, எறும்பின் காலில் முடி இருப்பதை, பூசணிப் பூவின் மகரந்தம் உருண்டை உருண்டையாக முள்ளோடு இருப்பதை. வீட்டில் இருந்தபோது ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்காதவள், அந்த இருட்டில் அத்தனையையும் பார்த்தேன்.

கட்டுப் பிரித்ததும் முதலில் தெரிந்தது, ஷேவ் செய்யாத அவர் முகம்தான். மோவாயில் இருந்த மச்சம்கூடத் தெரிந்தது. தெரிகிறது என்று சொன்னதும் மனிதர் வராந்தாவுக்குப் போய்விட்டார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீடு திரும்பியபோது அலமாரியில் லென்ஸைக் காணோம். பழைய பனியனில் சுற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் தள்ளியிருந்தார். இனிமேல் தொடுவதில்லையாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"டாக்டரு கண்ணுக்குத் தப்புனது அதோட கண்ணுலதான் பட்டுது. அதப் போயி மூட்ட கட்டி வெச்சிகீறீங்களே. எடுங்க."

எடுத்தார். கேமராவில் மாட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு, அவரை அதே ஜன்னலோரத்தில், அதே தலையணையில் தாடையை வைக்கச் சொன்னேன். இடது கண்ணை வைத்துப் பார்த்தேன். முதலில் ஒரே மங்கல். கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன். சட்டென்று திறந்துகொண்டது. பனைவெல்லப் பாகு நிறம், நார் நாராக. நடுவில் இருந்த இருட்டில் எங்கள் ஜன்னல், ஜன்னலுக்கு முன்னால் கேமராவைப் பிடித்தபடி, கடுகளவில் ஒரு பெண். பொத்தானை அமுக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

ஈ வந்து உட்கார்ந்தால் இன்றும் ஓட்டத்தான் செய்கிறேன், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு. ஆனால் காய்கறிக்காரியோ கண்டக்டரோ, யாராவது நேருக்கு நேர் என் முகத்தைப் பார்த்துப் பேசும்போது, இவர்கள் கண்ணுக்குள்ளும் அப்படி ஒரு பூமி விரிந்து கிடக்கிறதே, அது இவர்களுக்கே தெரியாதே என்று நினைத்து, என்ன சொல்ல வந்தேன் என்பதை மறந்து நின்றுவிடுகிறேன்.