லோரா வேனின் கடைசிப் படம்

நம்பாதவர்கள் ராயபுரம் வந்து மஜீதைக் கேட்கலாம். அவனும் பார்த்தான். அன்று கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

1949, ஐப்பசி மாதம். பகலெல்லாம் ஹார்பரில் கரி இறக்குவேன். பொழுது சாய்ந்ததும் கல்மண்டபம் பக்கத்து டென்ட் கொட்டகையில், திரை ஓரமாக நின்று இங்கிலீஷ் படங்களுக்குத் தமிழில் கதை சொல்வேன். பாதிரியார் பள்ளியில் படித்த இங்கிலீஷ் அதற்குத்தான் உதவியது.

லோரா வேன் என்ற அமெரிக்க நடிகையின் படம் என்றால் கூட்டம் நெரியும். சலவைக்கடையில் வேலை செய்த பெண் அவள். பதினைந்து வயதில் ஊமைப்படத்தில் ஆட வந்தாள். பத்தே வருஷத்தில் ராணி வேஷம். பேசும் படம் வந்தபோது குரல் சரியில்லை என்று ஒதுக்கினார்கள். பழகிக்கொண்டு திரும்பி வந்தாள். முகத்தில் வயது தெரிந்ததும் அக்கா வேஷம், அப்புறம் அம்மா வேஷம். எது கொடுத்தாலும் மாட்டேன் என்று சொன்னதில்லையாம். இங்கே ஓடிய அவள் படங்கள் எல்லாவற்றிலும் அவளுக்காகத் தமிழ் பேசியவன் நான். ராயபுரத்துக்கு அவள் குரல் என் குரல்தான்.

அன்று வந்தது அவளுடைய கடைசிப் படம். நாலைந்து வருஷம் பழையது. படப்பெட்டியைக் கொண்டுவந்த கம்பெனி ஆள் தண்டபாணி, கதையை அவசரமாகச் சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார்.

எனக்குத் தோள் வீங்கியிருந்தது. தொண்டையெல்லாம் கரித்தூள். நின்றபடியே கண் சொருகியது.

கடைசி ரீல். மகன் பட்டாளத்துக்குப் புறப்படுகிறான். தாய் ஜன்னல் பக்கம், நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். ‘போய்ட்டு வாடா கண்ணு’ என்று நான் சொல்ல வேண்டும்.

வாயைத் திறக்க முடியவில்லை. அவ்வளவு அசதி.

திடீரென்று ஸ்பீக்கர் ஓய்ந்தது. மெஷின் மட்டும் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது...

அவள் திரும்பினாள்.

முகத்தில் மேக்கப் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். கூட்டத்தைப் பார்க்கவில்லை. திரை ஓரத்தில், நான் நின்ற இடத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

கதவருகே டிக்கெட் கிழிக்கிற மஜீது என்னைப் பார்த்துக் கத்தினான்.

“பாஸ்கலு! இன்னாத்துக்குக் கம்முனு கீறே? அந்தம்மா உன்கிட்ட இன்னாவோ கேக்குது பாரு!”

எனக்குக் கேட்டது. காதோரம்... மூச்சுக் காற்றோடு...

‘முடிஞ்சுதா? நான் வீட்டுக்குப் போகலாமா?’

இங்கிலீஷா, தமிழா... இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

ஓடத் தோன்றவில்லை. அத்தனை வருஷம் அவளுக்காகப் பேசியவன், அன்றுதான் அவளிடம் பேசினேன்.

“முடிஞ்சுதும்மா. நீ போ.”

கண்ணை மூடினாள்.

திரை வெளுத்தது.

மறுநாளும் அதே படம். கடைசி ரீலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முதுகு. கடைசிவரை முதுகுதான். ஆபரேட்டர் அந்த ரீலை விளக்கில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை.

“நேத்து மூஞ்சியப் பாத்தோமே நைனா...” என்றான் மஜீது.

வாரக் கடைசியில் பெட்டியை எடுத்துப்போகத் தண்டபாணி வந்தார். அந்தக் காட்சியில் முகம் தெரிகிற மாதிரி வேறு பிரதி உண்டா என்று கேட்டேன்.

“முகமா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தெரிஞ்சா கூட்டம் வராதுன்னு கம்பெனியில சொல்ல வேணாம்னாங்க. படம் பாதியில இருக்கும்போதே அந்தம்மா செட்டுல விழுந்து செத்துட்டாங்க. மிச்சத்துக்கு வேற ஒரு பொண்ணைப் பிடிச்சு, அதே கவுனை மாட்டிவிட்டு, முதுகை மட்டும் எடுத்தாங்க.”