பாதையில் அளந்த தூரம்

எங்கள் வீட்டுக்கு மேலே, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, பக்கத்து வீட்டு அக்கா சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட நான்கு அறைகள் கட்டத் தொடங்கினார். செப்டிக் டேங்குக்கும், அதிலிருந்து வழியும் நீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு குழிக்கும் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்கு நேர் கீழே எங்கள் ஊற்றுக் கிணறு. ஐந்து குடும்பம் அதன் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். அவளுக்குக் கஞ்சி காய்ச்சுவதும் அந்தத் தண்ணீரில்தான்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்று பஞ்சாயத்து அனுமதித் தாளிலேயே இருந்தது. மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அளந்தாச்சுங்க. ரூல்ல இருக்கறதுக்கு மேலயே பத்தடி இருக்குது."

திரும்பி வந்துவிட்டேன். ஆனால் குடம் நிரம்பும் வரை நின்று அண்ணாந்து பார்த்தால், கோடு தலைக்கு மேலேயே இருப்பதாகப் பட்டது. நாலு எழுத்துப் படித்துவிட்ட திமிரில் சந்தேகப்படுகிறேனோ? என் பிரசவத்துக்கு ஜீப் பிடித்துச் சேலம் வரை கூட வந்தவர் அந்த அக்கா. அவர் மேல் புகார் எழுதுவதா? கணவரிடம் சொன்னேன். "புள்ள தும்முனாலே சேலத்துக்கு பஸ் பாக்கறவ நீ" என்றார்.

அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.

"ஏனுங்க, எங்கிருந்து எங்க வரைக்கும் அளந்தீங்க?"

மேஸ்திரி ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். மூன்று இடத்தில் வளைந்து வளைந்து கிணற்றுக்கு இறங்கும் பாதை. "இப்படித்தானுங்களே கிணத்துக்குப் போறோம்."

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. மலையில் யாரும் நேராக நடப்பதில்லை. தூரம் கேட்டால் நானும் பாதையைத்தான் சொல்வேன்.

"தண்ணி பாதை பாத்து வளைஞ்சு எறங்குமாங்க?"

அவர் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். நேராக இழுத்தோம். வேண்டிய தூரத்தில் பாதிதான் இருந்தது.

சத்தம் கேட்டு அக்கா வந்தார். கோடு போட்ட நாளிலிருந்தே உறுத்தியதை அவரிடம் சொன்னேன்.

"ஏங்கண்ணு, இத்தன நாளா இத மனசுல வெச்சுட்டா திரிஞ்ச?"

"உங்களுக்குச் சங்கடமாயிருமோன்னுங்க்கா."

"என்ற ஊட்டுக் கொடமும் அங்கதானே ரொம்புது. சங்கடம் பாத்தா நானும் சேந்தல்ல குடிக்கோணும்?" பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினார். "அந்தப் பாதையச் சுருட்டி உன்ற ஊட்டுக்கே கொண்டுபோயிரு சாமி."

மேஸ்திரியும் சிரித்துவிட்டார். டேங்க், குழி இரண்டுமே மேட்டின் மறுபக்கத்துக்குப் போயின. அந்தச் சரிவில் கிணறோ ஊற்றோ இல்லை. பஞ்சாயத்து ஓவர்சியர் வந்து நேர்கோட்டில் அளந்து கையெழுத்துப் போட்டார். இது போதுமா என்று அவரிடம் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை, "மழ பெஞ்சா வந்து பாருங்கம்மா" என்றார்.

மழை பெய்தது. குடையோடு போய் நின்றேன். புதுக் குழியருகே விழுந்த தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி அந்தப் பக்கமாகவே ஓடியது. அது காப்பிச் செடிகளுக்குள் மறையும் வரை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினேன். எப்போதும் போலத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி மகளுக்குக் கொடுத்தேன். பாதியைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். மீதியை நான் குடித்தேன்.