இரண்டாவது பிஸ்கட்

பொறை என்னும் அணி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. வாய்த்தோரிடமும் ஒரு பொழுது நழுவும். எங்கள் தெருவின் பேக்கரிக்காரர் அதை ஆயுள் முழுதும் பூண்டிருந்தார். மாவு தானாக உப்பும்வரை கைகட்டி நிற்பார். அடுப்புக் கதவை அவசரமாகத் திறக்கும் வேலையாளிடம், "பிள்ளைத்தாச்சி வயித்தைத் தட்டிப் பார்ப்பியா நீ?" என்பார்.

அவருடைய மனைவிக்கு எலும்பில் புற்று. தாய் வீசிய ஒரு சுடுசொல்லால் வீட்டைவிட்டுப் போன மகள், பல்லாண்டு கழித்து ஒரு பிற்பகல் வருவதாக இருந்தாள். அச்சொல்லைத் திரும்பப் பெறாமல் கண்மூடலாகாது என்பதே தாயின் வேட்கை. வலி வாயை அடைத்தது. மருத்துவமனை மாத்திரையோ அறிவை அடைத்தது.

பேக்கரிக்காரர் தம் முதுகுவலிக்குக் கஞ்சாப் புகை இழுப்பவர். இழுத்தபின் கையிலுள்ள தேநீர் ஆறுமுன் அது ஏறும். இரண்டு மூன்று மணிநேரத்தில் இறங்கும். மனைவியின் நெஞ்சு புகை தாங்காது. ஆகவே கஞ்சாவைப் பிஸ்கட்டில் சேர்த்துச் சுட்டு, மகள் வரும் நாள் காலையில் ஒன்றைக் கொடுத்தார். தேநீர் ஆறியது. அவள் முகத்தில் வலி அப்படியே இருந்தது.

"ஒண்ணும் தெரியலையா?"

"மூஞ்சியையே பார்க்காதீங்க. நான் என்ன உங்க மாவா?"

"சரக்கு மட்டம் போலிருக்கு. இன்னொண்ணு தின்னு."

"இருங்க, பார்ப்போம்."

அவர் இருக்கவில்லை. வயிற்றுவழிச் செல்வது மெல்ல ஏறும், ஏறினால் வன்மையாய் நெடுநேரம் நிற்கும் என்பதை அறியாமல், புகையின் கணக்கை உணவுக்கும் போட்டு, இரண்டாவதையும் ஊட்டினார்.

மகள் வாயிற்படி ஏறியபோது இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தன. தாய் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். மகள் முகத்தைக் கண்டு, "யாரு இந்தம்மா?" என்றாள்.

"என்னப்பா குடுத்தீங்க?"

"வலிக்குத்தான்மா. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடுவா."

"வலியை மறக்கவா, என்னை மறக்கவா?"

பொழுது சாய்ந்தது, தெளியவில்லை. மகள் தாயின் போர்வையைச் சரிசெய்துவிட்டு ரயிலுக்குப் போனாள்.

மறுநாள் விடிந்தபின்தான் தாய் தெளிந்து கேட்டாள்: "அவ வந்தாளா? மன்னிப்புக் கேட்டேனா?"

"கேட்டே. அவளும் அழுதா."

அந்தப் பொய்யின் நிறைவில் அவள் சில நாளில் கண்மூடினாள். தாய் சொல்லக் காத்திருந்ததை மகளிடம் அவர் தொலைபேசியில் சொன்னபோது, "இதையும் நீங்களே சொல்றீங்களேப்பா," என்று நம்பாமல் அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அருளாளன் அந்த மனைக்குத் துணை நிற்க. அவ்வாயிலில் வருவோர்க்கு விடைசொல்ல ஒரு தெளிந்த நா இருப்பதாக. தந்தை சொல்லும் மெய் மகள் செவியில் ஒரு நாளேனும் மெய்யாக ஒலிப்பதாக.